படுக்கையறை விளக்கை அணைக்க ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ், கலிபோர்னியா.

பொருள்: வீட்டு விளக்கை வீட்டாரே அணைத்துக்கொள்ள அனுமதி கோருதல் – தொடர்பாக.

ஐயா,

ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் என்று ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்து, 2022 அக்டோபரில் வீட்டு ஸ்மார்ட் சாதனங்களுக்கு ‘மேட்டர்’ என்ற பொதுத்தரத்தை வெளியிட்டீர்கள். எந்தக் கம்பெனிப் பொருளும் எந்தக் கம்பெனி ஆப்பிலும் ஓடும் என்றீர்கள். நம்பி ஒரு ஸ்மார்ட் பல்பு வாங்கினோம். கம்பெனி பேர் வேண்டாம்.

பல்பை இணைக்க 11 இலக்க எண் வேண்டும். அது பல்பின் கழுத்திலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. கழற்றினால்தான் எண் தெரியும். மாட்டினால்தான் பல்பு இணையும். காலண்டர் மூலையில் எமகண்டத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி அச்சடிக்கும் ஊர் எங்கள் சிவகாசி. அந்த வேலையை இங்கே கொடுத்திருக்கலாம்.

அப்பத்தா படுக்கப் போகும்போது பழக்கத்தில் சுவர் சுவிட்சைத் தட்டிவிடும். உடனே ‘சாதனம் இணைப்பில் இல்லை’ என்று ஆப் ஒப்பாரி வைக்கும். ஆகவே சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டினோம். இப்போது விளக்கை அணைக்க அப்பத்தா பேரனைத் தேடுகிறது, பேரன் போனைத் தேடுகிறான், போன் நெட்டைத் தேடுகிறது. நள்ளிரவில் கரண்ட் போய் வந்தால் மட்டும், யார் தயவும் இல்லாமல் பல்பு முழு வெளிச்சத்தில் எரிகிறது. தானியங்கி என்றது இதைத்தான் போலும்.

பொதுத்தரம் எங்கள் ஊருக்கும் புதிதல்ல. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டி ஓரத்தில் சிவப்புப் பாஸ்பரஸ், அவ்வளவுதான் ஒப்பந்தம். சிவகாசிக் குச்சியைக் கோவில்பட்டிப் பெட்டியில் உரசினாலும் பற்றும். பாஸ்வேர்டு கேட்காது. 14 வருடம் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனபோதும், ‘பழைய பெட்டிக்கு இனி ஆதரவு இல்லை’ என்று யாரும் அறிவிக்கவில்லை.

நீங்களோ மேட்டர் 1.1, 1.2, 1.3 என்று ஏறிக்கொண்டே போகிறீர்கள். எந்தப் புதுப் பதிப்பை எந்த ஆப் எப்போது ஏற்கும் என்பதோ அந்தந்தக் கம்பெனியின் சித்தம். மின்விசிறிக்குத் தனி இடம் கிடைத்ததே 2023 அக்டோபரில், 1.2-ல்தான், பாத்திரம் கழுவும் இயந்திரமும் அதே பட்டியலில் கூடவே வந்தது. சித்திரை வெயிலில் எது முதலில் வேண்டும் என்று விருதுநகர் மாவட்டத்தில் ஒரு ஆளைக் கேட்டிருக்கலாம்.

ஆகவே, சான்றிதழ் கொடுக்குமுன் ஒரே ஒரு பரீட்சை வையுங்கள். பொருளை எழுபது வயதுக்காரர் ஒருவர் கையில் கொடுங்கள். கையேடு வேண்டாம், நெட் வேண்டாம், பேரனும் வேண்டாம். அவர் விளக்கைப் போட்டு அணைத்துவிட்டால் முத்திரை குத்துங்கள். முடியாவிட்டால் கம்பெனிக்கே திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மின் நுகர்வோர்,
சிவகாசி.