வெறும் வட்டங்கள்

1990களின் நடுவில், ஒகேனக்கல் பரிசல் துறைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில்தான் எங்கள் வரைபட வேலை நடந்தது. சர்வே ஆஃப் இந்தியாவின் 57 எச்/16 தாளை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் ஆற்றுக் கூழாங்கல் வைப்போம். இல்லாவிட்டால் சாரல் ஈரத்தில் தாள் சுருண்டுகொள்ளும். அதன்மேல் டிரேசிங் தாள். ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரை கிலோமீட்டர்.

பென்னாகரம் பக்கத்துக் கிணறு, போர், கைபம்பு எல்லாவற்றுக்கும் பென்சிலால் ஒரு வட்டம். சோதனைச் சீட்டு வந்ததும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் வட்டத்துக்குள் சிவப்பு, இல்லையென்றால் நீலம். சிவப்பை மட்டும் பார்க்க வேண்டுமானால் இன்னொரு டிரேசிங் தாளில் படியெடுப்போம். வரிசைப்படுத்த, சீட்டுகளைத் தரையில் பரப்பிக் கையால் அடுக்குவோம். சீட்டு பறந்துவிடும் என்பதால் அன்றைக்கு மின்விசிறி போட மாட்டோம். ஒரு பகல் போய்விடும்.

சீட்டு வராத கிணறு வெறும் பென்சில் வட்டமாகவே நிற்கும். எங்கள் சர்வேயர் ஐயாவின் கண் முதலில் அதில்தான் விழும். "தம்பி, இது ஏன் இன்னும் வெறுசா கெடக்குது? பாட்டில எடுத்துக்கிட்டுப் போ."

இன்று அதே வேலையை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்கிறேன். சர்வரிலிருந்து லேயர் இறங்குகிறது. ஃபில்டர் பெட்டியில் ஃபுளோரைடு 1.5க்கு மேல் என்று ஒரு வரி எழுதினால் திரை முழுக்கச் சிவப்புப் புள்ளி. அட்டவணையின் தலைப்பைச் சொடுக்கினால் வரிசை தயார். இந்த வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. தரையில் குந்திச் சீட்டு அடுக்கிய முழங்காலுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ஒருமுறை மோசமான கிணறுகளின் பட்டியல் ஒன்றைத் தவறாகக் கொடுத்துவிட்டேன். அந்த சர்வர் ஒரு தடவைக்கு ஆயிரம் பதிவுகளுக்கு மேல் அனுப்பாது. வந்த ஆயிரத்தைத்தான் நான் வரிசைப்படுத்தியிருந்தேன். வராதவை என் அட்டவணையிலேயே இல்லை. போரின் ஆழமோ எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருந்தது. அதனால் 1200 அடி முதலில், 300 அடுத்து, 90 கடைசியில் என்று நின்றது. இரண்டையும் ஒரு மாலைக்குள் சரிசெய்துவிட்டேன்.

சோதிக்கவே படாத கிணறுகள்தான் தூக்கத்தைக் கெடுத்தன. அவற்றின் ஃபுளோரைடு கட்டம் காலி. காலிக் கட்டம் 1.5ஐவிடப் பெரிதா என்று கேட்டால் கணினி ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அந்தப் பதிவையே விட்டுவிடும். 1.5க்குக் கீழே என்று கேட்டாலும் அதே கதி. எங்கள் வெறும் வட்டங்கள் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போயின.

ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு கட்டி 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் கொண்டுபோகிறது. ஆனாலும் குழாய் வறண்ட நாளில் சனங்கள் பழைய போருக்குத்தான் போகிறார்கள். ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறை ஏறி, வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கிற பிள்ளைகளை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது புதிய லேயர் வந்தால் முதல் ஃபில்டரே காலிக் கட்டத்துக்குத்தான். போன வாரமும் அந்தப் பட்டியலை அச்செடுத்து, பிளாஸ்டிக் பாட்டில்களில் கிணற்று எண்ணை எழுதி ஒட்டி, பென்னாகரம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.