தூக்கிய கை இறங்குவதில்லை

லிஃப்டுக்குக் காத்திருக்கும் ஐந்து பேரில் நாலு பேர் கதவுக்கு மேலே எரியும் எண்ணைப் பார்ப்பார்கள். ஐந்தாமவர் எஃகுக் கதவில் தெரியும் தன் இடது முழங்கையைப் பார்ப்பார். மடக்கிய குடை இரண்டு கையிலும் இருக்கும். அதை மெல்ல வலது தோளுக்கு மேல் கொண்டுபோய், உச்சியில் நிறுத்தி, மணிக்கட்டைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கதவு திறக்கும். குடை இறங்காது, தூக்கியபடியே உள்ளே போகும். கூட ஏறுபவர்கள் மூலையோடு ஒட்டிக்கொள்வார்கள்.

கோல்ஃப் ஆடுகிறவர்களில் வியாபாரம் பேச வருபவர் உண்டு, ஆட்டம் முடிந்து குடிக்கும் பீருக்காக வருபவர் உண்டு. இவர் பேக்ஸ்விங்குக்காக, அதாவது அடிக்குமுன் மட்டையைப் பின்னால் தூக்குவதற்காக வருபவர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இல்லையென்றால் ஏதோ கம்பெனியில் துணைத் தலைவர். ஐம்பதைத் தாண்டியபின் இந்த வியாதி பிடித்திருக்கும். சென்னை நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் விடியற்காலையில் பார்க்கலாம். பந்தை வைத்துவிட்டு, அதை மறந்துவிட்டு, கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் மூன்று கோஷ்டி காத்திருக்கும்.

அவர் மனதில் ஓடும் சட்டங்களைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். தோள் 90 டிகிரி திரும்ப வேண்டும், இடுப்பு 45-இல் நின்றுவிட வேண்டும், இடது கை மடங்கக் கூடாது, வலது முழங்கை பறக்கக் கூடாது, தலை ஆடக் கூடாது. இத்தனைக்கும் நடுவே உடம்பு தளர்வாக இருக்க வேண்டும்! கோல்ஃப் மேதை பென் ஹோகன் 1957-இல் எழுதிய புத்தகத்தில், பந்திலிருந்து தோள்வரை சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடிப் பலகையைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார். அதை உடைக்காமல் மட்டை மேலே போக வேண்டுமாம். ஹோகனின் கண்ணாடி கற்பனை. நம்மவர் வீட்டு ஷோகேஸ் கண்ணாடி நிஜம், இரண்டு தடவை மாற்றியாயிற்று. இப்போது ஹாலில் ஒட்டடைக்குச்சிதான் அனுமதி.

"தூக்கினதுதான் தூக்கினீங்க, அந்த ஃபேன் இறக்கையிலே இருக்கிறதையும் தட்டி விட்டுடுங்க" என்பார் வீட்டம்மாள், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நம்மவரோடு வாதாடிப் பயனில்லை. பெரிய ஆட்டக்காரர்களே ஆளுக்கொரு விதமாகத் தூக்குகிறார்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். ஜிம் ஃபூரிக்கின் மட்டை மேலே போகும் வழி வேறு, இறங்கும் வழி வேறு. நடுவில் ஒரு சுழி. அந்தச் சுழியோடுதான் அவர் 2003-இல் அமெரிக்க ஓபனை வென்றார், 2016-இல் ஒரு சுற்றை 58 அடியில் முடித்தார். ஜான் ரஹ்ம் பாதிதான் தூக்குகிறார்; ஜான் டேலியின் மட்டையோ கிடைமட்டத்தைத் தாண்டிச் சரிந்து பின்பக்கம் தொங்கும். இருவரும் பெரிய பட்டங்கள் வாங்கியவர்கள். "அவங்களுக்கு அது சரி சார்" என்று எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டு டைகர் வுட்ஸைக் கூட்டிவருவார். "1997 மாஸ்டர்ஸ்லே 12 அடி வித்தியாசத்திலே ஜெயிச்சான். அதுக்கப்புறமும் ஸ்விங்கை மாத்தினானா இல்லையா?" மாற்றினார்தான். நம்மவருக்கு முதல் குழியை முடிக்கவே 12 அடி ஆகும். அதைச் சொல்ல நமக்கு வாய் வராது.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் பிடிவாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. மட்டை கீழே இறங்க ஏறக்குறைய கால் விநாடி. பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பதோ விநாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் சாமி பெயரைக்கூடச் சொல்ல முடியாது. ஆற அமர யோசிக்க, திருத்த, பயிற்சி தரும் புரோவுக்குப் பணம் கட்டிக் கற்க இடம் இருப்பது மேலே போகும்போது மட்டும்தான். அங்கே அவர் ஹோகன். கீழே வரும்போது யார் என்று அவருக்கே தெரியாது.

கேடிக்குத் தெரியும். வருஷக்கணக்காகப் பையைத் தூக்குகிறவர். பந்து வலதுபக்கம் வளைந்து மரத்தடிக்குள் போனதும் நம்மவர் திரும்பி, "எப்படி இருந்தது?" என்பார்.

"தூக்கறதெல்லாம் பிரமாதம் சார். இறக்கறப்பதான் என்னமோ ஆயிடுது."

முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஃபோனில் எடுத்த ஸ்லோமோஷனை உச்சியில் நிறுத்திப் பார்ப்பார். அந்த ஃபோனில் பேரன் படம் ஒன்றுகூட இருக்காது.

கோடைக்குக் கொடைக்கானல் போவார். அங்கே 1895-இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இருக்கிறது. புல்வெளியில் காட்டெருமைகளும் மேயும். அவை வழியில் நின்றால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். இவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. பந்தை அடிக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள் அல்லவா!

போன ஐப்பசியில் ஒரு துக்க வீட்டில் அவரைப் பார்த்தேன். தூறல். வாசல் பந்தலில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்க, இவர் ஓரமாகத் தூணருகே நின்றார். கையில் குடை. தானாகவே மேலே போயிற்று. வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். ஆறுதல் சொல்ல வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வலது முழங்கை கொஞ்சம் வெளியே போகுது சார்."

"அப்படியா! நீங்க எங்கே ஆடறீங்க?"

அதன்பின் அந்தக் குடை இருவர் கையிலும் மாறி மாறி ஏறியது. கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பையன் ஓடிவந்தான்.

"சார், தூக்கப் போறாங்க. வாங்க."

"மெதுவா தூக்கச் சொல்லுப்பா" என்றார் நம்மவர், கண் மணிக்கட்டிலேயே இருக்க. "அவசரப்பட்டா தோள் திரும்பாது."