தண்ணீர் ஊற்றாதவர்

பால்கனி கிடைத்தால் சென்னைவாசி துணி காயப்போடுவார். இல்லையென்றால் பழைய சைக்கிளை நிறுத்துவார். நம் சக்குலன்ட் (சதைப்பற்றுச் செடி) பிரியர் அங்கே கல் வளர்ப்பார்.

முதல் தடவை போகிறவர்களுக்கு அங்கே செடி இருப்பதே தெரியாது. கைக்கு அடக்கமான தொட்டிகள், அவற்றில் கூழாங்கல், கூழாங்கல்லுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் கூழாங்கல். எது கல், எது செடி என்று நீங்கள் விழிக்கிறீர்களே, அந்த விழிப்பைப் பார்க்கத்தான் உங்களைக் காபிக்கு அழைத்திருக்கிறார். காபி வரத் தாமதமாகும். அதற்குள் 1811க்குப் போய்வந்துவிடலாம். அந்த வருடம் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவில் விநோதமான கூழாங்கல் ஒன்று கிடக்கிறதே என்று குனிந்து எடுத்தார், பார்த்தால் செடி. கதை உண்மைதான். ஆனால் நம்மவர் சொல்லிக் கேட்டால், பர்ச்செலுக்குப் பக்கத்தில் இவரும் குனிந்தார் என்றே தோன்றும்.

லித்தாப்ஸ் என்பது அதன் பெயர். கொழுத்த இரண்டு இலைகள், நடுவே ஒரு பிளவு, செடி அவ்வளவுதான். உச்சியில் ஒளி புகும் சன்னல் உண்டு. வெளிச்சம் அதன் வழியே இறங்கி, மண்ணுக்குள் புதைந்திருக்கும் பாகத்தில் சமையலை நடத்தும். வருடத்துக்கு ஒருமுறை பிளவு விரிந்து உள்ளிருந்து புது ஜோடி எட்டிப் பார்க்கும். பழைய இலைகளில் இருக்கும் நீரைக் குடித்தே அது வளரும். பழையவை சருகாகி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் மேல்தண்ணீர் கூடாது. ஊற்றினால் பழசு வற்றாது, புதுசு வெடிக்கும், கடைசியில் எல்லாம் அழுகும்.

ஆக, இந்தப் பொழுதுபோக்கில் முக்கியமான வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதற்கு அவர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததும் லென்ஸும் கையுமாக பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். பல்குத்தும் குச்சியை மண்ணில் செருகி, உருவி, கன்னத்தில் வைத்து ஈரம் பார்ப்பார். இலையின் பக்கவாட்டில் சுருக்கம் விழுந்திருந்தால் முகம் மலரும்.

“தாகமா இருக்கு.”

“அப்ப ஊத்த வேண்டியதுதானேங்க?” என்பார் வீட்டம்மா.

“ரெண்டு நாள் போகட்டும்.”

இரண்டு நாள் கழித்துக் காற்றில் ஈரப்பதம் ஏறிவிட்டது என்று ஒத்திப்போடுவார். வீட்டுக்கு வந்த சம்பந்தியை இப்படி உபசரித்தால் கல்யாணம் நின்றுபோகும்.

பூச்சியைவிட அவர் பயப்படுவது இரக்கத்துக்குத்தான். மாவுப்பூச்சிக்கு மருந்து இருக்கிறது. “பாவம், காஞ்சு கெடக்குதேன்னு ஒரு சொம்பு ஊத்துனேன் சார்” என்று வேலைக்கு வரும் அக்கா சொன்னால், அதற்கு என்ன மருந்து? மூன்றாம் நாள் விரலால் தொட்டால் செடி கூழ். அதற்குப் பிறகு ‘தண்ணீர் ஊற்றாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் அட்டை எழுதி மாட்டினார். கோடையில் லாரித் தண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, சிக்கனத்துக்கு முன்மாதிரி என்று கூட்டத்தில் அவரைப் பாராட்டிப் பேசினார். நம்மவர் மறுக்கவில்லை.

மண் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ‘மிக்ஸ்’ என்று சொல்ல வேண்டும். பெர்லைட், பியூமிஸ், சலித்த ஆற்றுமணல். எதில் சலித்தார் என்பது ரவை சலிக்கப் போனபோது வீட்டம்மாவுக்குத் தெரிந்தது.

ஒவ்வொரு தொட்டியிலும் பெயர்ச்சீட்டு இருக்கும். அதில் ‘சி’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும். டெஸ்மண்ட் கோல் என்பவர் லித்தாப்ஸ் விளையும் இடங்களைத் தேடித்தேடிப் போய் எண் கொடுத்துப் பதிந்தார். ‘சி’ அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்து. எண்கள் 400ஐத் தாண்டி ஓடுகின்றன. அவர் தாவரவியலாளரே அல்ல, ஆப்பிரிக்க மொழிகள் கற்பித்த பேராசிரியர். இந்தத் தகவலை நம்மவர் வீட்டில் அடிக்கடி எடுத்துவிடுவதற்குக் காரணம் வேறு. பேராசிரியரின் மனைவி நோரீனும் கூடவே கல்லிலும் முள்ளிலும் அலைந்தாராம். வீட்டம்மா ரவையைக் கையாலேயே பொறுக்கிக்கொண்டு இதைக் கேட்டுக்கொள்வார்.

நீல நிற லித்தாப்ஸ் விதை என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அப்படி ஒரு செடி உலகத்தில் இல்லை. நீலமெல்லாம் கம்ப்யூட்டரில் பூசியது. இது தெரிவதற்கு முன்னால் அவரும் ஒரு பாக்கெட் வாங்கினார். முளைத்தது குப்பைக்கீரை. வீட்டம்மா அதைக் கடைந்துவிட்டார். அந்த விலைக்குக் கீரை சாப்பிட்ட குடும்பம் மயிலாப்பூரில் வேறு இருக்காது.

லித்தாப்ஸ் பூப்பது பெரும்பாலும் இலையுதிர்காலத்தில். நம் ஊர்க் கணக்கில் ஐப்பசி அடைமழைக்காலம். பிற்பகல் வெயில் பட்டால்தான் பூ விரியும். சென்னையில் அப்போது வெயில் எங்கே இருக்கிறது? தொட்டிகள் எல்லாம் ஹாலுக்குள் குடிவந்துவிடும். ஈரம் கட்டாமல் இருக்க டேபிள் ஃபேன் அவற்றின் பக்கம் திரும்பும். வீட்டில் மற்றவர்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கேலி எவ்வளவு செய்தாலும் ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடமாட்டார். லித்தாப்ஸின் உறவான கோனோஃபைட்டத்தைத் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு வறண்ட பகுதிகளில் மூட்டை மூட்டையாகத் திருடுகிறார்கள். 2019க்குப் பிறகு பிடிபட்டவை மட்டுமே லட்சக்கணக்கில். ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழும் வகைகளும் அதில் உண்டு. குன்றைச் சுரண்டினால் இனமே போயிற்று.

ஆகவே நீங்கள் வாங்குவதானால் விதையிலிருந்து வளர்த்த செடிதானா என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் வாங்கினால் விதை பிடிக்காது. தன் மகரந்தம் தனக்கு உதவாத செடி அது. இரண்டாக வாங்க வேண்டும். அவரும் இரண்டில்தான் ஆரம்பித்தார்.