பாரீஸில் குருவி, கொடுமுடியில் கோகிலம்

1935-ஆம் வருஷம் உலகத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. பாரீஸ் தெருமுனையில் நின்று பாடிக்கொண்டிருந்த எடித் காசியோன் என்ற பெண்ணை லூயி லெப்லே என்ற கேளிக்கை விடுதி முதலாளி பார்த்தார். குருவி என்று பொருள்படும் 'பியாஃப்' என்ற பெயரைச் சூட்டி மேடையேற்றினார். அதே வருஷம், கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டு நடித்த படம் வெளியானது. உலகம் முதல் காரியத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிபாளையத்துக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் பலத்த ஆட்சேபணை உண்டு.

எங்கள் ஊருக்கு ஒரு குறை. இங்கிருந்து கிளம்பி ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கியது ஒரு கோழிக்கறிதான். வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்கிய அந்தக் கோழி எத்தனை ஓட்டல்களில் எத்தனை பேரைக் கண்ணீர் விட வைத்தாலும், பாடியதாகத் தகவல் இல்லை. பாட்டில் பெருமை பேச வேண்டுமானால் பாலம் தாண்டி ஈரோடு போய், அங்கிருந்து கரூர் பாதையில் கொடுமுடிக்குப் போக வேண்டும். போகட்டும், ஆறு ஒன்றுதானே? சுந்தராம்பாள் அம்மணி பிறந்தது 1908. அப்போது எங்கள் ஊரில் பேப்பர் மில் கிடையாது. இன்றைக்கு இருக்கிற சாயப்பட்டறைகளும் கிடையாது. ஆக, நாங்கள் கீழே அனுப்பிய காவிரி சுத்தமானது. அந்தக் குரலில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று தைரியமாக எழுதலாம்.

குடும்பத்தில் வறுமை. தாயார் பாலாம்பாள். சிறுமி ரயிலில் பாடிக் காசு சேர்த்தாள். அவளைக் கண்டுபிடித்தது யார் என்பதில் இரண்டு கட்சி. ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி. நடேச ஐயர் என்பது ஒன்று. கிருஷ்ணசாமி ஐயர் என்ற போலீஸ் அதிகாரி என்பது இன்னொன்று. எந்தக் கட்சியை நம்பினாலும் சரி, ரயில்வேயும் போலீசும் சேர்ந்து பார்த்தும் 'டிக்கெட் எங்கே கண்ணு?' என்று யாரும் கேட்டதாகக் கதையில் வரவில்லை. தமிழ்க் கலையுலகம் பிழைத்தது.

வேலு நாயர் நாடகக் கம்பெனியில் முதல் வேடம் நல்லதங்காளின் மூத்த பையன். பசிக்கிறது என்று அழுது பாட வேண்டும். அதற்கு ஒத்திகை எதற்கு? வீட்டில் தினமும் நடந்ததுதான்.

பிறகு இலங்கை. கொழும்பு மேடையில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி. மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்காரன் காதுக்குப் போய்ச் சேராத குரலுக்குச் சம்பளம் கிடையாது. 'அந்தப் பெண்ணோடு பாடினால் நீ காலி' என்று அவரையும், 'அவரோடு பாடினால் நீ காலி' என்று இவரையும் நண்பர்கள் பயமுறுத்தினார்களாம். பயந்துபோன இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே வீட்டில் ஒரு மனைவி உண்டு என்பதை ரசிகர்கள் ரொம்பப் பெருந்தன்மையோடு மறந்துவிட்டார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 27. அம்மணிக்கு 25.

வெள்ளைச் சேலை, திருநீறு, எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற சபதம். சுலபமாக அனுதாபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். அசந்தாஸ் என்ற படமுதலாளி 'நந்தனார்' எடுக்க வேண்டும் என்று வந்து நின்றார். ஆளை எப்படி அனுப்புவது? வேண்டாத வியாபாரியிடம் எங்கள் தறிக்காரர்கள் செய்வதைத்தான் அம்மணியும் செய்தார். வாயில் வந்த விலையைச் சொன்னார்: ஒரு லட்சம். ஒரு பவுன் 30 ரூபாயைத் தொடாத காலம் அது. மனுஷன் அலறிக்கொண்டு ஓட வேண்டும். ஓடவில்லை, 'சரி' என்றார். இந்தக் கொங்கு தந்திரம் வரலாற்றில் தோற்ற இடம் அது ஒன்றுதான். அதிலும் தோற்றவர் கையில்தான் லட்சம் இருந்தது.

சபதத்துக்கும் பங்கமில்லை. யாருக்கும் ஜோடியாகாமல், தானே நந்தனாராக வேஷம் கட்டினார். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். இரண்டு சாரீரங்களை நம்பி எடுத்த படம் ஓடவில்லை. படத்தில் நன்றாக நடித்தவை எருமையும் பனைமரமும்தான் என்ற தோரணையில் கல்கி எழுதினார் என்பார்கள். எருமைக்கு எவ்வளவு சம்பளம் என்று அவரும் விசாரிக்கவில்லை.

காங்கிரசுக்குப் பாடினார். சத்தியமூர்த்தி கூட்டம் சேர்க்க இவர் பாட்டு. பாட்டு முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும் என்பது என் சந்தேகம். காந்தி கொடுமுடி வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது தங்கத் தட்டில் பரிமாறினாராம். 'சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா?' என்று காந்தி கேட்க, தட்டும் தேச நிதிக்குப் போனதாம். அம்மணியிடம் பேரத்தில் ஜெயித்தவர் அந்தக் குஜராத்தி பனியா ஒருவர்தான். பின்னால் கட்சி சட்ட மேலவையில் இடம் கொடுத்தது. தட்டுக்கு அது ஈடா என்பதை ஈரோட்டு நகைக்கடைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கம் பாரீஸில் பியாஃப் கறுப்பு உடையில் நின்று பாடினார். குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் அவர் காதலர். 1949-ல் விமான விபத்தில் இறந்தார். அப்புறம் 1952-ல் ஒரு கல்யாணம், 1962-ல் தன்னைவிட 20 வயது இளையவரோடு இன்னொன்று. 1963-ல் 47 வயதில் காலமானார். அம்மணி வெள்ளைச் சேலை கட்டியிருந்த காலம் மட்டுமே ஏறக்குறைய 47 வருஷம். தமிழ்நாட்டுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. 1953-ல் ஜெமினி வாசன் அவரை 'ஔவையார்' ஆக்கினார். அதோடு எல்லோரும் அவரைப் பாட்டி என்று முடிவுகட்டிவிட்டார்கள். அப்போது அவருக்கு 45 வயது! அந்த வயதுக் கதாநாயகர்கள் இங்கே கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

பாட்டியென்று ஏமாந்தவர்களில் கருணாநிதி சேர்த்தி இல்லை, ஆனாலும் மாட்டிக்கொண்டார். 1964-ல் அவர் கதை வசனம் எழுதிய 'பூம்புகார்' படத்தில் அம்மணி கவுந்தியடிகள். கண்ணகிக்கு நேர்ந்த அநியாயத்தைப் பார்த்து, தெய்வம் எங்கே போய்விட்டது என்று ஒரு பாட்டு வரி. முருகனைக் கும்பிடுகிற வாயால் அதைப் பாட முடியாது என்று இவர் உட்கார்ந்துவிட்டாராம். பகுத்தறிவுப் பாசறையிலிருந்து வந்த படத்தில், காணாமல் போன தெய்வம் திரும்பி வந்துசேரும்படி வரி மாறியது. திராவிட இயக்கத்துக்கு எதிராக அரசியல்வாதிகள் மேடை மேடையாகப் பேசிச் சாதிக்காததை, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாடகி சாதித்துவிட்டார்.

1969-ல் 'துணைவன்' பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, மறுவருஷம் பத்மஸ்ரீ. அவரையே நேரில் காட்டுகிற படத்தில், அவர் வாய்க்கு அவரே பாடியதற்கு 'பின்னணி' விருது கொடுத்த டெல்லிக்காரர்களின் ரசனையைக் குறை சொல்லக் கூடாது. முன்னணிப் பாடகி என்று ஒரு பிரிவு அவர்களிடம் இல்லை. கொடுமுடியில் தன் பெயரிலேயே ஒரு சினிமா கொட்டகையும் கட்டினார். ஆண்களோடு ஜோடி சேர மாட்டேன் என்ற சபதம் அந்தத் திரையைக் கட்டுப்படுத்தவில்லை. எந்த நடிகனும் எந்த நடிகையோடும் ஆடலாம், கவுண்டரில் காசு கொடுத்துவிட்டால் போதும்.