ரிமோட் அண்ணன்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் பழைய தமிழ்ப் படம் ஓடும் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. வாசலில் ஏழெட்டுக் கார்கள் பக்கத்து வீட்டுக் கேட்டை மறைத்துக்கொண்டு நிற்கும். உள்ளேயிருந்து ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை கேட்கும். முதலில் ஒரு கரகரத்த குரலில், அப்புறம் சிவாஜி கணேசன் குரலில். அந்த முதல் குரலின் சொந்தக்காரர்தான் ரிமோட் அண்ணன்.

நான் போய்வருவது செக்‌ஷன் 17இல் உள்ள ஒரு வீட்டுக்கு. ஆனால் அண்ணன் ஒரே ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிள்ளானில் ஒருவர் இருக்கிறார், செந்தூலில் இரண்டு பேர், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் மாடிக்கு ஒருவர் தேறுவார். எழுபதைத் தொட்ட வயது, பென்ஷன், கைலி, கைவைத்த பனியன், இனிப்பு நீர் மாத்திரை, பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பெரிய டிவி. அந்த டிவியில் என்னென்ன வசதி இருக்கிறது என்பதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாது. ரிமோட்டில் ஒரே ஒரு பொத்தானைத்தான் அவர் அறிவார். படத்தை நிறுத்தும் பொத்தான்.

படம் தொடங்கி டைட்டில் ஓடும்போதே முதல் நிறுத்தம் விழுந்துவிடும். ஒளிப்பதிவாளர் பெயரைப் பார்த்து ஒரு பெருமூச்சு. "இந்த மாதிரி ஆளுங்க இனிமே பொறக்க மாட்டாங்க தம்பி." அடுத்து வசனகர்த்தாவுக்கு ஒன்று. படத்தில் யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. வடைத் தட்டு பாதி காலி.

'தில்லானா மோகனாம்பாள்' பார்த்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி நாதஸ்வரத்தில் மூச்சைக் கொடுத்து, இரண்டு கன்னமும் முழுசாக உப்பிய அந்த நொடியில் அண்ணன் பொத்தானை அமுக்கினார். 1968இல் வந்த அந்தப் படத்துக்கு உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும் என்று தொடங்கினார். அதிலிருந்து கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர்கதைக்குப் போனார். அதிலிருந்து தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தாம் கேட்ட மேளத்துக்குப் போனார். அங்கிருந்து திரும்பி வர வழி தெரியவில்லை. அதுவரைக்கும் திரையில் சிவாஜி கன்னத்தை உப்பிக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க எங்களுக்கு மூச்சு முட்டியது. கடைசியில் அண்ணிதான் அடுப்படியிலிருந்து, "அந்த மனுஷன் மூச்சு வுடட்டுங்க" என்று சத்தம் போட்டார்.

அண்ணனைச் சும்மா குறை சொல்வது நியாயமல்ல. அந்தக் காலத்துப் படங்களிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. நாயகன் அழுத்தமான ஒரு வசனத்தைப் பேசி முடித்ததும், எதிரே நிற்பவர் உடனே பதில் சொல்வதில்லை. முகத்தைத் திருப்புவார், இரண்டடி நடப்பார், தூணைப் பிடிப்பார். கொட்டகையில் கைதட்டலும் விசிலும் ஓய்வதற்காக விட்ட இடம் அது. கொலிசியத்தில், லிடோவில், நம் பிஜே ஸ்டேட்டில் அந்த இடத்தை ஜனங்கள் நிரப்பினார்கள். வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டிருந்தால் அந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. நடிகர் தூணைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருப்பதுபோல் தோன்றுகிறது. அதைத்தான் அண்ணன் நிரப்புகிறார். என்ன, கைதட்டல் அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடும்.

எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. நகைச்சுவைப் படத்திலும் நிறுத்துவார். 'காதலிக்க நேரமில்லை'யில் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்த நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வாரே, அந்தக் காட்சி. 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். இத்தனை வருஷம் கழித்தும் கல்லூரிப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்தவுடன் அண்ணன் நிறுத்துவார். எழுந்து நின்று நாகேஷ் என்ன செய்யப்போகிறார் என்று நடித்துக் காட்டுவார். கதவு எப்படித் திறக்கும், சத்தம் எப்படி வரும், பாலையா முகம் எப்படி வெளிறும், எல்லாம். நாங்கள் சோபாவில் ஒட்டிக்கொண்டு, தப்பிக்க வழியில்லாமல், பாலையா உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருப்போம். பிறகு படம் ஓடும். நாகேஷ் அண்ணனைவிடச் சுமாராகச் செய்வதாகத் தோன்றும். இந்தப் பாவத்தை எந்தக் கோயிலில் போய்க் கழிப்பது?

அந்த ஹாலில் உட்கார இடம் பிடிப்பதும் இஷ்டப்படி நடக்காது. ஜன்னல் ஓரம் எம்.ஜி.ஆர். கட்சி. சுவர் ஓரம் சிவாஜி கட்சி. இரண்டு கட்சியிலும் இருப்பவர்களுக்கு மூட்டுவலி, ஆனாலும் இடம் மாறி உட்கார மாட்டார்கள். ஜெமினி ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் கிள்ளானிலிருந்து ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்து வருவதால் எப்போதும் தாமதம், கிடைத்த இடத்தில் உட்காருவார். இந்த இரு கட்சிக்கும் நடுவில் சமாதானம் செய்ய அண்ணனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் பி.ஆர். பந்துலு.

அந்தக் கதையை அண்ணன் சொல்லும்போது இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்ளும். சிவாஜியை வைத்துக் கட்டபொம்மனும் கப்பலோட்டிய தமிழனும் கர்ணனும் எடுத்தவர் பந்துலு. சிவாஜியின் நூறாவது படம் என்ற பெருமை தம்முடைய 'முரடன் முத்து'வுக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். 1964 தீபாவளிக்கு அதுவும் 'நவராத்திரி'யும் ஒரே நாளில் வெளிவந்தன. நூறு என்ற எண் 'நவராத்திரி'க்குப் போயிற்று. மனம் நொந்த பந்துலு நேராக எம்.ஜி.ஆரிடம் போனார். மறுவருஷமே 'ஆயிரத்தில் ஒருவன்'. "ஒரே ஆளுதான், அங்கேயும் குடுத்தாரு, இங்கேயும் குடுத்தாரு" என்று அண்ணன் கையை விரித்துக் காட்டுவார். கர்ணனை 2012இலும் ஆயிரத்தில் ஒருவனை 2014இலும் புதுமெருகு போட்டு மறுபடி திரையிட்டபோது, இரண்டும் சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடின. எது அதிக நாள் என்று யாராவது கேட்டால் சமாதானம் முடிந்தது. அதனால் கேட்பதில்லை.

அண்ணன் பிறந்தது காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில். மாதத்தில் ஒருநாள் வேனில் புரொஜெக்டர் வரும், திடலில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். கிராணி குடும்பத்துக்கு முன்னால் நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். பையன்கள் இடம் கிடைக்காமல் துணிக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். அங்கேயும் படம் தெரியும், ஆனால் இடம் வலமாக. இதனால் எம்.ஜி.ஆர். இடது கையில்தான் வாள் பிடிப்பார் என்று அண்ணன் சின்ன வயதில் சத்தியம் செய்து அடிதடி வரை போயிருக்கிறார். இன்றைக்கும் வாள்சண்டை வந்தால் ஒருகணம் திரையைச் சந்தேகமாகப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

அவருடைய அறிவுக் களஞ்சியம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. பாட்டுப் புத்தகங்கள். கொட்டகை வாசலில் விற்ற, தாள் பழுத்து ஓரம் உதிர்கிற புத்தகங்கள். நடிகர் பட்டியல், பாட்டுகள், இவற்றோடு கதைச் சுருக்கமும் ஒரு பக்கம் இருக்கும். அந்தச் சுருக்கம் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரிதான் முடியும். கதாநாயகி ஆபத்தில் இருப்பாள், வில்லன் சிரிப்பான், மீதியை வெள்ளித்திரையில் காண்க. அண்ணனின் ஞானமும் கிட்டத்தட்ட அதே இடத்தில் முடிகிறது என்பதை நாங்கள் வெகுநாள் கழித்தே கண்டுகொண்டோம்.

ஏனென்றால் இடைவேளையில் அண்ணி சாப்பாடு போடுவார். கோழிப் பிரட்டல், ரசம், நெத்திலிச் சம்பல். சாப்பிட்டு வந்து அமர்ந்த பத்தாவது நிமிடம் அண்ணன் தூங்கிவிடுவார், ரிமோட்டை இறுகப் பிடித்தபடி. தோட்டத்திலும் இப்படித்தானாம். பாயிலேயே தூங்கிப்போவார், அப்பா தோளில் போட்டு லயத்துக்குத் தூக்கிப் போவாராம். ஆகவே தமிழ்த் திரையுலகின் முற்பாதிகளில் அவரை வெல்ல ஆளில்லை. பிற்பாதியில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நிறுத்த ஆள் இல்லாததால், அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் அப்போதுதான் கிளம்பும். மகள் கல்யாணம், முட்டியில் ஆபரேஷன், கிள்ளானில் வெள்ளம். படம் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

அதைக் கடைசிவரை கண் கொட்டாமல் பார்ப்பவர் ஒரே ஒருவர். பக்கத்து வீட்டு ஹாஜி. அவருடைய கேட்டைத்தான் நாங்கள் வாரவாரம் மறைக்கிறோம். ஒருநாள் முறையிட வந்தவர் 'பாசமலர்' ஓடுவதைப் பார்த்து நின்றார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆர்டிஎம் காலத்திலிருந்தே மலாய் எழுத்தைப் படித்துத் தமிழ்ப் படம் பார்த்துப் பழகியவர். அன்று அண்ணனும் தங்கையும் கையைப் பிடித்தபடி சாகும் காட்சியில் தோளில் கிடந்த துண்டு நனையும்படி அழுதார். எங்களில் அந்தக் காட்சியை அன்று பார்த்தவர் அவர் ஒருவரே.

ஹாஜிக்கும் அண்ணனுக்கும் உள்ள பந்தம் தனி. ஹாஜி பி. ராம்லி பக்தர். ராம்லியை முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' படத்தை 1950இல் எடுத்தவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்துவார். ஆள் உங்களுடையவர், பாட்டு எங்களுடையது என்பார் ஹாஜி. 'இபு மெர்துவாகு'வில் ராம்லி முள்கரண்டியால் தம் கண்களைக் குத்திக்கொள்ளும் இடத்தை அண்ணன் இதுவரை பார்த்ததில்லை. கையால் முகத்தை மூடிக்கொள்வார். ஆனால் இருவரும் ஒன்றாக மௌனமாகும் ஒரு மாதம் உண்டு. 1973 மே. 11ஆம் தேதி 'உலகம் சுற்றும் வாலிபன்' சென்னையில் வெளிவந்தது, 29ஆம் தேதி பி. ராம்லி காலமானார். ஒரே மாதத்தில் ஒருவர் உலகம் சுற்றினார், ஒருவர் உலகத்தைவிட்டே போனார் என்று அண்ணன் சொல்வார். கொஞ்சம் நாடகத்தனம்தான். ஆனாலும் ஹாஜி ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவார்.

ஞாயிறு காலையில் மாமாக் கடையில் இருவரும் பசியாறுவார்கள். ரொட்டி சானாய்க்கும் தே தாரிக்குக்கும் நடுவில் ஹாஜி நேற்றைய படத்தின் பிற்பாதியை மலாயில் சொல்வார். அண்ணன் அதைத் தமிழில் மனப்பாடம் செய்துகொள்வார். அடுத்த வாரம் கிளைமாக்ஸ் குறித்து அவர் முழங்குவதெல்லாம் இந்த வழியாக வந்த சரக்கு.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் ஆபத்து அண்ணனின் பேரன் உருவத்தில் வந்தது. சுபாங் ஜெயாவில் கல்லூரியில் படிக்கிற பையன். பழைய படம் என்றால் அவனுக்குத் 'தளபதி'. "தளபதி பழைய படமாடா? நேத்து வந்தது!" என்று ஜன்னல் ஓரமும் சுவர் ஓரமும் முதன்முறையாகச் சேர்ந்து கத்தின. 1991 என்று அவன் போனைக் காட்டினான். 'கில்லி'யையே 2024இல் பழைய படமாக மறுபடி போட்டார்கள், கொட்டகையில் எழுந்து ஆடினார்கள் என்றான். ஹாலில் பலர் அன்றைக்கு மாத்திரையை முன்னதாகவே போட்டுக்கொண்டார்கள்.

போன வாரம் 'நாடோடி மன்னன்'. 1958, எம்.ஜி.ஆர். முதன்முதலில் இயக்கிய படம், மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். முன்பகுதி கறுப்பு வெள்ளை, பின்னால் கலர். பாதியில் மக்ரிப் நேரம் வரவே ஹாஜி தொழுகைக்காக வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது திரையில் கலர், பானுமதி இருந்த இடத்தில் சரோஜாதேவி. ஞாயிற்றுக்கிழமை அவர் அண்ணனிடம் ஒப்படைத்த அறிக்கை இதுதான். நாயகி கறுப்பு வெள்ளையிலேயே தங்கிவிட்டார், கலருக்கு வேறு ஆள்.

இந்த வாரம் ஒரு புதிய நண்பர் வந்திருந்தார். அவருக்காக மறுபடி அதே படம். அண்ணன் வழக்கம்போல் நிறுத்தி, தயாரிப்பாளரின் கலை நுட்பம் அது என்று அந்த அறிக்கையை வாசித்தார். பேரன் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"தாத்தா, மதனா செத்துப் போயிடுறா. பானுமதி சண்டை போட்டுக்கிட்டுப் போனதுனால சாகடிச்சிட்டாங்களாம்."

அண்ணன் ஹாஜியைப் பார்த்தார். ஹாஜி கூரையைப் பார்த்தார். பிறகு அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதத்தானே சொல்ல வர்றேன்" என்று ஆரம்பித்தார். எம்.ஜி.ஆர். எடுத்த காட்சியையே திரும்பத் திரும்ப எடுத்தது, பானுமதிக்குப் பொறுமை போனது, வீட்டையும் அடமானம் வைத்து எடுத்த படம் நின்றுவிடுமோ என்று ஊரே பேசியது, 'ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி' என்று எம்.ஜி.ஆர். சொன்னது. ஒரு தப்பில்லை. படத்துக்கு வெளியே நடந்தது எதுவாக இருந்தாலும் அண்ணனிடம் பிசகாது.

"சரி, படத்துல அவ எப்பிடிச் சாவுறா?" என்று கேட்டார் புதியவர்.

கத்தி என்றது ஜன்னல் ஓரம். அம்பு என்றது சுவர் ஓரம். விஷம், நான் லிடோவில் என் கண்ணாலே பார்த்தேன் என்றார் கிள்ளான்காரர். குரல்கள் ஏறின. பேரன் எழுந்து, "ரிமோட்டக் குடுங்க தாத்தா, நிறுத்தி நிறுத்திப் பாத்துடலாம்லா" என்றான்.

அண்ணன் ரிமோட்டைப் பனியனுக்குள் போட்டுக்கொண்டார்.

"படம் ஓடுறப்ப நிறுத்துறதெல்லாம் வேணாம் தம்பி. பாக்குறவங்களுக்குத் தொந்தரவு."