சிலந்தி போட்ட கூட்டல் குறி

துப்பாக்கி ஸ்கோப்பைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று உரிமை கொண்டாடுகிறவர்கள் ஏகப்பட்ட பேர். அத்தனை பேரும் மனிதர்கள். பாதி வேலையை முடித்துக் கொடுத்த உண்மையான ஆசாமிக்கு இன்றுவரை எந்த ஊரிலும் சிலை இல்லை. எட்டுக் கால் வைத்துச் சிலை செய்வது செலவு பிடித்த காரியம் என்று விட்டுவிட்டார்கள்போல.

1608இல் ஹாலந்தில் ஆரம்பிப்போம். மிடில்பர்க் ஊரில் மூக்குக்கண்ணாடி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த ஹான்ஸ் லிப்பர்ஹே, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஒரு குழலை எடுத்துக்கொண்டு அரசாங்கத்திடம் போனார். இதை நான் மட்டும்தான் செய்யலாம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். சில வாரங்களுக்குள் இன்னொருவர் அதே குழலுக்கு அதே மனுவோடு வந்து நின்றார். அதிகாரிகள் பார்த்தார்கள். இரண்டு கண்ணாடி, ஒரு குழாய். எவன் வேண்டுமானாலும் காப்பியடித்துவிடுவான், இதற்கெல்லாம் காப்புரிமையா? மனு தள்ளுபடி. கையோடு, இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி எங்களுக்குச் சில செய்து கொடு என்று லிப்பர்ஹேயிடமே ஆர்டரும் போட்டார்கள். அரசாங்கம் எங்கேயும் அரசாங்கம்தான்.

துப்பாக்கி ஏற்கெனவே இருந்தது. குழல் வந்துவிட்டது. கயிற்றுக்கும் பஞ்சமில்லை. மூன்றையும் சேர்த்துக் கட்டினால் ஸ்கோப்பு என்றுதான் தோன்றும். அப்படி நடக்கவில்லை. பெரிதாகப் பார்ப்பது வேறு, குறி பார்ப்பது வேறு. கலிலியோ வைத்திருந்த ரகக் குழலில் வியாழனின் நிலாக்கள் தெரியும். ஆனால் தெரிகிற வட்டத்துக்குள் நடு எது என்று காட்ட ஒரு கோடு போட இடம் கிடையாது. முன்கண்ணாடியில் போட்டால் கரைந்து காணாமல் போகும். பின்கண்ணாடியில் போட்டால் கண்ணோடு ஒட்டிக்கொண்டு வெறும் மங்கல். 1611இல் கெப்ளர் பின்னாலும் குவிந்த கண்ணாடியை வைக்கலாமே என்று எழுதினார். வைத்துப் பார்த்தால் உலகம் தலைகீழ். வானம் பார்க்கிறவர்களுக்கு அதில் நஷ்டமில்லை. தலைகீழாக நின்றாலும் நிலா நிலாதான். மான் அப்படியில்லை.

இங்கிலாந்தில் லீட்ஸ் ஊருக்குப் பக்கத்தில் மிடில்டன். அங்கே வில்லியம் காஸ்கொயின் என்ற இளைஞர் கெப்ளர் ரகத் தொலைநோக்கியோடு பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். 1630களின் கடைசியில் ஒரு நாள் குழலில் கண்ணை வைத்தால் காட்சிக்குக் குறுக்கே ஒரு கோடு. மங்கல் இல்லை, பிசிறு இல்லை. பார்க்கும் பொருள்மேலேயே யாரோ பேனாவால் இழுத்துவிட்ட மாதிரி. குழலைத் திறந்து பார்த்தார். திறந்து கிடந்த நேரத்தில் ஒரு சிலந்தி உள்ளே குடிவந்து நூல் கட்டியிருந்தது. கட்டிய இடம்தான் விஷயம். முன்கண்ணாடி கொண்டுவரும் பிம்பம் சரியாக எந்த இடத்தில் விழுகிறதோ, அதே தளத்தில் நூல். அங்கே எதை வைத்தாலும் பிம்பத்தோடு சேர்ந்து அதுவும் துல்லியமாகத் தெரியும். ஐரோப்பாவின் பெரிய மூளைகளுக்கு முப்பது வருஷம் பிடிபடாத இடத்தை ஒரு பூச்சி ஈ பிடிப்பதற்காகக் கண்டுபிடித்துவிட்டது. காஸ்கொயின் நாணயஸ்தர். சிலந்தி நூல்தான் வழி காட்டியது, எல்லாம் ஆண்டவன் சித்தம் என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

அதை வைத்து அவர் நட்சத்திரங்களுக்கு இடையில் உள்ள தூரத்தை அளக்கும் கருவியெல்லாம் செய்தார். பிறகு மன்னர் சார்ல்ஸ் பக்கம் சேர்ந்து சண்டைக்குப் போய், 1644 ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் செத்துப்போனார். அன்று இரண்டு பக்கமும் ஒரு துப்பாக்கியில்கூடக் குறுக்குக்கோடு இல்லை. கோடு போடக் கற்றவர் கோடில்லாத உலகத்தில் அடிபட்டார். இங்கிலாந்தும் அவரைச் சுத்தமாக மறந்தது. இருபது வருஷம் கழித்து ஒரு பிரெஞ்சுக்காரர் அந்த அளவுக் கருவி தன் கண்டுபிடிப்பு என்று சொன்ன பிறகுதான் மறதி தெளிந்தது. 1667இல் ரிச்சர்ட் டவுன்லி எழுந்து, அது எங்கள் காஸ்கொயினுடையது என்றார்.

அந்தக் கோடு முதலில் போய்ச் சேர்ந்தது சர்வேக்காரர்களிடம். 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டு இந்தியாவை அளக்கக் கிளம்பிய லாம்டனின் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியும் அந்த வம்சம்தான். அரை டன் எடையுள்ள அந்தக் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோவில்மேல் ஏற்றப் பார்த்தார்கள். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதியது, லாம்டன் உட்கார்ந்து தட்டித் தட்டி நிமிர்த்தினார். கண்ணாடி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதைக் கட்டியிருக்கும் கட்டு சரியில்லாவிட்டால் கதை கந்தல். இது நூறு வருஷம் கழித்து இன்னும் அசிங்கமாகத் திரும்ப வரும்.

துப்பாக்கிக்காரர்களுக்கு வருவோம். 1776, ஃபிலடெல்ஃபியா. ஜார்ஜ் வாஷிங்டனை உட்காரவைத்து உட்காரவைத்து வரைந்த ஓவியர் சார்ல்ஸ் வில்சன் பீல், வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு ரைஃபிள்மேல் தொலைநோக்கியை ஏற்றினார். விசையை இழுத்தால் குண்டு முன்னால் போகும், துப்பாக்கி பின்னால் வரும். துப்பாக்கியோடு குழலும் வரும். குழலுக்கு எதிரில் இருப்பது ஓவியருடைய கண். குழலை இன்னும் முன்னால் தள்ளினால் காட்சி கறுத்துப்போகிறது. தள்ளாவிட்டால் கண் கறுத்துப்போகிறது. இரண்டுக்கும் நடுவில் அவர்களால் ஒரு சமாதானம் காண முடியவில்லை. இன்று நல்ல வேட்டை ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் ஒன்பது சென்டிமீட்டர்வரை இடைவெளி விட்டும் முழு வட்டம் தெரியும். ஸ்கோப்பு வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டிய கணக்கு அதுதான். கேட்காதவனுக்குப் புருவத்தில் பிறைச் சந்திரன் வடிவில் ஒரு தழும்பு கிடைக்கும். ரேஞ்சுக்குப் போனால் தழும்பைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள்.

1840களில் நியூயார்க் மாநிலத்தில் இன்ஜினியர் சேப்மனும் துப்பாக்கிக் கைவினைஞர் மோர்கன் ஜேம்ஸும் உருப்படியாக ஒன்று செய்தார்கள். 1855 முதல் சிரக்யூஸில் வில்லியம் மால்கம் நிறம் பிசகாத கண்ணாடிகளைப் போட்டு அதை வியாபாரமாக்கினார். துப்பாக்கிக் குழல் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளத்துக்கு மேலே இன்னொரு குழல். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எதிலிருந்து குண்டு வரும் என்றே தெரியாது.

இதற்கிடையில் 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி 400 கஜத்திலிருந்து சுட்டு மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் அடித்தார். உலகமே கைதட்டியது. விட்வொர்த் கம்பெனி தன் ரைஃபிளை இரும்புத் தாங்கியில் இறுக்கி, குறியும் பிடித்து வைத்து, விசையில் ஒரு பட்டுக் கயிறு கட்டியிருந்தது. மகாராணி கயிற்றை இழுத்தார். நம் ஊரில் கல்வெட்டுத் திறக்கிற அதே வேலை.

அதே விட்வொர்த் ரைஃபிள்கள் கொஞ்சம் கடல் தாண்டி அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்திப் படையிடம் போயின. சிலவற்றில் பம்பாய்ப் படையில் உத்தியோகம் பார்த்த கர்னல் டேவிட்சனின் ஸ்கோப்பு இடது பக்கமாகப் பொருத்தியிருந்தது. 1864 மே 9, ஸ்பாட்சில்வேனியா. வடக்கத்தி ஜெனரல் ஜான் செட்ஜ்விக், எங்கிருந்தோ வருகிற குண்டுக்குத் தலை குனிந்த தன் ஆட்களைப் பார்த்து, இந்தத் தூரத்தில் ஒரு யானையைக்கூட அவர்களால் அடிக்க முடியாது என்று கேலி பேசினார். கொஞ்ச நேரத்தில் இடது கண்ணுக்குக் கீழே குண்டு பாய்ந்து விழுந்தார். யானைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து நம் நாயகன். ஹெஸ்கெத் ப்ரிச்சர்ட், பிறந்தது ஜான்சியில். ஹாம்ப்ஷயர் அணிக்காகக் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர். நாவல் எழுதினார். ஒரு லண்டன் பத்திரிகை, பழங்காலத்து ராட்சச ஸ்லாத் இன்னும் உயிரோடு இருக்கிறதாமே, போய்ப் பார்த்து வா என்று படகோனியாவுக்கு அனுப்ப, அதற்கும் போனவர். ஸ்லாத் கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் வயது அதிகம் என்று பத்திரிகையாளர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றும் வேலை கொடுத்தார்கள். அப்படிச் சுற்றும்போதுதான் பிரிட்டிஷ் பதுங்குகுழிகளில் ஸ்கோப்பு படும் பாட்டைப் பார்த்தார்.

ஜெர்மானியர்கள் ஏற்கெனவே காட்டில் ஸ்கோப்போடு மான் வேட்டையாடியவர்கள். போர் வந்ததும் வேட்டைத் துப்பாக்கிகளை வாரிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பிலும் ஸ்கோப்பு வந்தது, அதாவது கிடங்கிலிருந்து வந்தது. கொடுத்தவருக்கு அது என்னவென்று தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஸ்கோப்பு இருக்கிறதே, தானாக அடிக்கும் என்று நம்பினார்கள். ப்ரிச்சர்ட் ஒவ்வொன்றாக வாங்கிச் சுட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை வேறு எங்கோ சுட்டன. கட்டு ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்திருந்தால் போதும், 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளி விழும். 400 மீட்டரில் ஒரு தலையின் அகலத்தையே தாண்டிவிடும். சுவரில் ஒரு இடி, பெட்டியில் ஒரு குலுங்கல், கோடும் குண்டும் ஒரே புள்ளியில் சேரும் ஜீரோ போயிற்று. எதிரி உயிர் பிழைத்தான்; சுட்டவனோ இன்றைக்கு ஒருவனை வீழ்த்தினேன் என்று சந்தோஷமாகக் கணக்கு எழுதினான்.

இதைவிட அழகு, ஸ்கோப்பைப் பொருத்திய இடம். பிரிட்டிஷ் ரைஃபிளில் ஐந்து தோட்டாவை ஒரே அமுக்கில் மேலிருந்து திணிக்கலாம். அந்த வசதி கெட்டுவிடக் கூடாது என்று ஸ்கோப்பை நடுவில் வைக்காமல் இடது பக்கம் தள்ளி வைத்தார்கள். ஒளிந்திருந்து நாளைக்கு இரண்டு குண்டு சுடுகிறவனுக்கு எதற்கு அவசரத் தோட்டா என்று யாரும் கேட்கவில்லை. கன்னம் கட்டையில் படாது, கழுத்து ஒரு பக்கம் கோணும். அதையும் பொறுத்துக்கொண்டு இரும்புத் தகட்டின் குறுகலான ஓட்டைக்குள் துப்பாக்கியை நுழைத்தால், குழல் ஓட்டை வழியாக ஜெர்மனியைப் பார்க்கும். ஸ்கோப்பு ஓட்டைக்குப் பக்கத்திலுள்ள இரும்பைப் பார்க்கும். பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் இரும்பு இரும்புதான்.

ப்ரிச்சர்ட் அசரவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுக் கருவி சேர்த்தார். ஜெர்மானியர்கள் ஒளிந்திருந்த இரும்புத் தகட்டை யானை வேட்டைத் துப்பாக்கியால் துளைக்க வைத்தார். காகிதக்கூழில் தலை செய்து பள்ளத்துக்கு மேலே காட்டுவார்கள். எதிரி சுட்டதும் தலையில் முன்னும் பின்னும் இரண்டு ஓட்டை விழும். அந்த இரண்டு ஓட்டைகளின் நேர்கோட்டில் பெரிஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் சுட்டவன் இருக்கும் இடம் தெரியும். ஒரு பொம்மைத் தலைக்கு ரப்பர் குழாய் செருகி, கீழே ஒருவன் உட்கார்ந்து ஊதி, சிகரெட்கூடப் பிடிக்க வைத்தார்கள். 1916இல் பிரான்ஸில் இதற்கென்று தனிப் பள்ளிக்கூடமே நடத்தினார். ஜீரோ கெடாமல் ஸ்கோப்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்பதும் அங்கே ஒரு பாடம்.

போர் முடிந்தது, ஸ்கோப்பு வேட்டைக்காரர்களிடம் திரும்பியது. 1930இல் பில் வீவர் கட்டுக்கும் சேர்த்து 19 டாலருக்கு ஒரு ஸ்கோப்பு விற்று, சாமானியனையும் இந்த வம்பில் இழுத்துவிட்டார். ஓரிகனில் மழைக்காட்டு மான் ஒன்று மார்கஸ் லியூபோல்டின் எதிரில் நின்றபோது அவருடைய ஸ்கோப்புக்குள் பனி பூத்துவிட்டது. மான் போய்விட்டது. மனிதர் கெட்ட வார்த்தையோடு, இதைவிட நல்லதாக நானே செய்வேன் என்றார். 1947இல் உள்ளே ஈரக்காற்றை வெளியேற்றி நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பு அவர்கள் பட்டறையிலிருந்து வந்தது. தப்பித்த மானுக்கு இந்த வியாபாரத்தில் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

சிலந்திகளுக்கும் கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்வரைகூடப் பல கருவிகளில் குறுக்குக்கோட்டுக்கு அவற்றின் நூலைத்தான் நம்பினார்கள். கலிஃபோர்னியாவில் நேன் சாங்கர் என்ற பெண்மணி சிலந்தி வளர்த்து, விஷக்காரியான கறுப்பு விதவைச் சிலந்தியிடமிருந்தும் நூல் இழுத்துக் கொடுத்தார். பிறகு உலோகக் கம்பியும் கண்ணாடியில் செதுக்கிய கோடும் அந்த இடத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டன. அந்தக் காலத்துத் தலைவலி ஒன்று மட்டும் இன்னும் போகவில்லை. சிலந்திக்கு நட்சத்திரம்தான் குறி. நட்சத்திரத்தின் தூரம் மாறாது. மானும் குறிப்பலகையும் 50 கஜத்திலும் நிற்கும், 500 கஜத்திலும் நிற்கும். தூரம் மாறினால் பிம்பம் விழும் தளமும் மாறும். கோடு அங்கேயே நிற்கும். தலையைக் கொஞ்சம் அசைத்தால் கோடு குறிமேல் ஊர்ந்து விளையாடும். இதுதான் பேரலாக்ஸ். விலை கூடின ஸ்கோப்புகளில் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறதே, அது அந்த ஊர்வதை நிறுத்தத்தான். வாங்கியவர்களில் பலர் அது வால்யூம் என்று நினைத்துக்கொண்டு தொடுவதில்லை.

இத்தனைக்கும் பிறகு கடையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றேதான்: எத்தனை மடங்கு? முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர், 25 மடங்கு என்றால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை வெறும் 2 மில்லிமீட்டர் அகலம். பட்டப்பகலில் பலகைக்கு ஓகே. அந்தி மயங்கினால் வெறும் இருட்டு. நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கும் ஜெர்மன் வேட்டைக்காரன் 8 மடங்கு, 56 மில்லிமீட்டர் என்று வாங்குவான். வகுத்தால் 7 மில்லிமீட்டர், இருட்டில் விரிந்த கண்மணியின் அளவு. 25 மடங்கில் இன்னொரு வேடிக்கை: உங்கள் நாடித்துடிப்பும் 25 மடங்கு தெரியும்.

1939-40 குளிர்காலத்தில் ஃபின்லாந்தின் சிமோ ஹாய்ஹா 500க்கு மேற்பட்ட சோவியத் வீரர்களைச் சுட்டதாகக் கணக்கு. ஸ்கோப்பு வேண்டாம் என்றுவிட்டார். கண்ணாடி வெயிலில் மின்னும், குளிரில் பூக்கும், தலையையும் ஒரு அங்குலம் கூடுதலாகத் தூக்க வைக்கும். இரும்புக் குறிதான். மூச்சு ஆவியாகத் தெரியாமலிருக்க வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொண்டார்.

இந்தியாவில் 1972இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வேட்டை கிட்டத்தட்ட முடிந்த கதை. மிஞ்சியது பலகைச் சுடுதல். அதிலும் ஒலிம்பிக் ரைஃபிளில் ஸ்கோப்புக்கு அனுமதியில்லை. சின்ன ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். 2008 பெய்ஜிங்கில் 10 மீட்டர் இறுதிப் போட்டிக்கு முன் அபினவ் பிந்த்ரா சோதனைக்கு ஒரு குண்டு சுட்டார். பத்து வரவேண்டிய இடத்தில் நாலு மாதிரி வந்தது. குறி யாரோ திருகின மாதிரி தள்ளிப் போயிருந்தது. கிடைத்த சில நிமிஷங்களில் கிளிக் கிளிக்காகத் திருப்பிச் சரி செய்தார். கடைசிக் குண்டுக்கு முன் அவரும் ஹாய்ஹாவின் நாட்டுக்காரரான ஹென்றி ஹேக்கினனும் சரிசமம். அபினவ் 10.8 சுட்டார். ஹேக்கினன் 9.7 சுட்டு, வெள்ளிகூட இல்லாமல் வெண்கலத்துக்கு இறங்கினார்.