பிடிஎஃப் இருக்கா தம்பி?

குழுவில் யாராவது ஒரு புத்தகத்தின் அட்டைப்படத்தைப் போட்டுவிட்டால் போதும். "முடித்துவிட்டேன், ராத்திரித் தூக்கம் போச்சு" என்று அடுத்த வரியை அவர் தட்டி முடிப்பதற்குள் கீழே ஒருவரிடமிருந்து வந்து விழும்: "அருமை. பிடிஎஃப் இருக்கா தம்பி?" கதை என்ன, எழுதியது யார், எந்தப் பதிப்பகம் என்றெல்லாம் கேட்க மாட்டார். ஒரு நண்பர் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போட்டபோதும் இதையே கேட்டார். அந்த ஒரு தடவை நியாயம் இருந்தது, படம் மங்கல்.

வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம் என்கிறார்கள். போடியில் நாங்கள் வைத்திருக்கும் வாசகர் குழுவில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனாலும் எங்களுக்கென்று ஒரு பிடிஎஃப் அண்ணன் வாய்த்துவிட்டார். குரங்கணிக்காரர். மலையில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மேலே ஏலத்தோட்டம். அங்கே டவர் நிற்காது. சாயங்காலம் ஜீப் கீழே இறங்கும்போது ஏதோ ஒரு வளைவில் போனுக்கு உயிர் வரும். நாள் முழுக்க நாங்கள் பேசியதற்கெல்லாம் அங்கேயே நின்று வரிசையாகப் பதில் போடுவார். விருது கிடைத்தவருக்கான "வாழ்த்துகள் ஐயா" இரங்கல் செய்திக்குக் கீழே வந்து உட்கார்ந்ததும் உண்டு. அதை விடுங்கள்.

இலவசமாகப் படிப்பதில் தப்பே இல்லை, அண்ணே என்று நான் பாடமே நடத்தியிருக்கிறேன். கல்கி நாட்டுடைமை, புதுமைப்பித்தன் நாட்டுடைமை. சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு முனைவர் கல்யாணசுந்தரம் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் எல்லாம் இருக்கிறது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை திருத்தி ஏற்றியவை. யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காமல் ஆயுள் முழுக்கப் படிக்கலாம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் எப்பவும் கிடைக்குமேப்பா. போன வாரம் வந்துச்சே ஒரு நாவல், அது இருக்கா?"

எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு என்று அதற்கும் சொன்னேன். "அவ்வளவு நாள் நான் இருக்கணுமே" என்றார்.

கடைசியில் அந்த நாவல் டெலிகிராமில் அவருக்குக் கிடைத்தே விட்டது. அதன் பிறகுதான் கூத்து. போனில் எழுத்து பொடிசாகத் தெரிகிறது, கண் வலிக்கிறது. ஆகவே ஜீப் ஏறிப் போடிக்கு வந்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுக்கிறார். 320 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 640. ஸ்பைரல் போட 50. ஆக 690 ரூபாய். புத்தகத்தின் விலை 350. கழிவு போக 315-க்கே என் கைக்கு வந்தது. ஜீப் கூலியை நான் சேர்க்கவில்லை. அந்தக் கட்டைத் தூக்கிக் காட்டி, "ஓசியிலயே கிடைச்சுருச்சு பாத்தியா!" என்கிறார்.

பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே டெலிகிராம் சேனலின் பெயர் சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. 212-ஆம் பக்கத்தில் ஸ்கேன் செய்தவனின் கட்டைவிரல், நகத்து அழுக்கோடு, கதாநாயகியின் வசனத்தை மறைத்துக்கொண்டு கிடக்கிறது.

இதே அண்ணனை ஏலக்காய் விற்கிற நாளில் பார்க்க வேண்டும். சாம்பிள் என்று எடுத்த காயைத் திருப்பித் தரவில்லை என்று டீக்கடை அதிர ஒரு மணி நேரம் பேசுவார். "அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ஞ்சா ஒரு கிலோ தம்பி! கவாத்து, மருந்து, எடுப்புக் கூலி, ஸ்டோர்ல விறகு... ஒரு கை காய்னா சும்மாவா?" நான் கேட்டேவிட்டேன்: "ஏலக்காய்க்குப் பிடிஎஃப் இருக்காண்ணே?" சிரித்தார். புரிந்துதான் சிரித்தார் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

எரிச்சல் எனக்காக அல்ல. நாலைந்து வருஷம் உட்கார்ந்து ஒருவர் நாவல் எழுதுகிறார். பதிப்பகம் சில நூறு பிரதி அச்சடிக்கிறது. எழுதியவருக்குப் பத்து சதவீதம் என்று பேச்சு, அதுவும் விற்றால்தான். அந்தச் சில நூறில் ஒன்றை எவனோ வாங்கி, முதுகை ஒடித்து, ஸ்கேன் செய்து ஊருக்கெல்லாம் விட்டுவிடுகிறான். இதற்குப் பெயர் வாசிப்பு இயக்கமாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குழுவில் அந்த நாவலைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் பாதிப்பேர் இன்னும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அட்டையோடு காப்பி டம்ளரை வைத்துப் படம் எடுத்ததோடு சரி. முழுக்கப் படித்தவர் இவர்தான், பென்சிலால் கோடு போட்டு. ராத்திரி பத்து மணிக்குப் போன்: "தம்பி, 212-ல அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? விரல் மறைக்குது." காசு கொடுத்து வாங்கிய என் பிரதியை எடுத்து, அந்தப் பக்கம் முழுவதையும் நான் வாசிக்க, மறுமுனையில் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். டவர் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து கேட்டார்.

அப்புறம் தேனி புத்தகத் திருவிழாவுக்கு அந்த எழுத்தாளரே வந்தார். கையெழுத்து வாங்க வரிசை நின்றது. அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், ஸ்பைரல் கட்டோடு எனக்கு முன்னால். எழுத்தாளர் வாங்கினார், பிரித்தார், குறுக்கே ஓடிய சேனல் பெயரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், அப்புறம் ஏனோ என்னைப் பார்த்தார். பென்சில் கோடுகள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் நகரவில்லை. 212-ஐத் திருப்பி நீட்டினார்.

"ஐயா, இந்தப் பொண்ணு பேசுறதை மட்டும் உங்க கையாலயே இதுல எழுதிக் குடுத்துருங்க. தம்பி போன்ல வாசிச்சான், டவர் சரியில்ல."